அடமானம் (இந்தியச் சட்டம்)

அடமானம் என்பது, வாங்கிய கடனுக்கோ வாங்கவிருக்கும் கடனுக்கோ பிணையமாக, குறிப்பிட்ட ஓர் அசையாச் சொத்தில் உள்ள உரிமையின் ஒரு பகுதியைக் கடன் கொடுத்தவருக்கு மாற்றிக் கொடுப்பதாகும். இந்தியாவில் இதனை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் நான்காம் அத்தியாயம் (58 முதல் 104 வரையிலான பிரிவுகள்) ஒழுங்குபடுத்துகிறது. சொத்தை அடமானம் வைப்பவர் அடமானம் கொடுத்தவர் என்றும், கடன் கொடுத்து அச்சொத்தின் மீது உரிமை பெறுபவர் அடமானம் பெற்றவர் என்றும் அழைக்கப்படுகின்றனர். அசலும் வட்டியும் சேர்ந்த தொகை அடமானத் தொகை எனப்படும்.

அடமானம் விற்பனை அன்று. விற்பனையில் சொத்துரிமை முழுவதும் கைமாறுகிறது. அடமானத்தில் கடனுக்கு ஈடாக ஓர் உரிமை மட்டுமே மாறுகிறது. கடனைத் தீர்த்துச் சொத்தைத் திரும்பப் பெறும் உரிமை அடமானம் கொடுத்தவரிடமே இருக்கும். இவ்வுரிமைக்கு மீட்புரிமை என்று பெயர். கடனீந்தோரின் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதும், கடனாளி தன் வீட்டையோ நிலத்தையோ மீட்கும் வாய்ப்பை எளிதில் இழந்துவிடக் கூடாது என்பதும் இச்சட்டத்தின் இரு பக்கங்கள். அடமானச் சட்டத்தின் பெரும்பகுதி இவ்விரண்டுக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்பதைப் பற்றியதே.

சொற்களும் வழக்குகளும்

நகை முதலிய அசையும் பொருள்களை ஒப்படைத்துக் கடன் பெறுவது அடகு எனப்படும். அது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 172ஆம் பிரிவின் கீழ் வருகிறது. நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துகளே அடமானத்துக்கு உரியவை. பேச்சு வழக்கில் இரு சொற்களும் கலந்து வழங்கினாலும் சட்டத்தில் இவை வேறுவேறானவை.

சொத்தைக் கடன் கொடுத்தவரின் அனுபவத்தில் விட்டு, அதன் விளைச்சலையோ வாடகையையோ வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்ளச் செய்வது தமிழில் ஒற்றி, ஒத்தி, போக்கியம் என்ற பெயர்களால் வழங்குகிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்திலும் ஒற்றி இடம்பெற்றுள்ளது. எனினும் இலங்கையின் அடமானச் சட்டம் இந்தியச் சட்டத்திலிருந்து வேறானது. அது இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

வரலாறு

இங்கிலாந்தில், குறித்த நாளில் கடனைக் கட்டத் தவறினால் சொத்து கடன் கொடுத்தவருக்கே உரியதாகிவிடும் என்பது பழைய பொதுச் சட்டத்தின் நிலை. ஒருநாள் தாமதத்துக்காகப் பெருமதிப்புள்ள நிலத்தை இழப்பது நேர்மையன்று என்று கருதிய அந்நாட்டு நேர்மை நீதிமன்றங்கள், கெடு கடந்த பின்னரும் கடனைச் செலுத்தி நிலத்தை மீட்க இடமளித்தன. மீட்புரிமை என்ற கருத்து இவ்வாறு வளர்ந்தது.

ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் இக்கருத்து ஒரே சீராகப் பின்பற்றப்படவில்லை. வங்காள மாகாணத்தில் 1806ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, நிபந்தனை விற்பனையாக எழுதப்பட்ட அடமானங்களில் கடனாளிக்கு ஓராண்டு அவகாசம் அளித்தது. சென்னை மாகாணத்தில் அத்தகைய விதி இல்லை. எனினும் சென்னை சதர் நீதிமன்றம் 1858 முதல், கெடு கடந்த பின்னரும் மீட்கலாம் என்று தீர்ப்பளிக்கத் தொடங்கியது.

பட்டாபிராமய்யர் எதிர் வெங்கடராவ் நாயக்கர் வழக்கில் (1870) இலண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு மாறான முடிவை எடுத்தது. ஒப்பந்தத்தில் எழுதியபடியே நடக்க வேண்டும். கெடு கடந்தால் விற்பனை முழுமையாகிவிடும் என்பது அதன் கருத்து. அடுத்து, தம்புசாமி முதலி எதிர் உசேன் ராவுத்தர் வழக்கிலும் (1875) சென்னை நீதிமன்றங்களின் போக்கு அடிப்படையில் பிழையானது என்று பிரிவி கவுன்சில் கூறியது. ஆனால் பல ஆண்டுகளாக மக்கள் அத்தீர்ப்புகளை நம்பி நடந்துகொண்டுள்ளதால் குழப்பம் நேரும் என்பதையும் உணர்ந்து, சட்டமியற்றித் தீர்வு காண்பது நல்லது என்று குறிப்பிட்டது.

1882 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சொத்து மாற்றச் சட்டம், 60ஆம் பிரிவின் மூலம் மீட்புரிமையை எல்லா வகை அடமானங்களுக்கும் சட்ட உரிமையாக்கியது. இதன்பின் மீட்புரிமை நீதிமன்றத்தின் இரக்கத்தையோ ஒப்பந்தத்தின் சொற்களையோ சார்ந்ததாக இல்லை. 1929ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் (1930 ஏப்ரல் 1 முதல்) இந்த அத்தியாயத்தைப் பெருமளவு மாற்றியமைத்தது.

சென்னை மாகாணத்தில் இராசகோபாலாச்சாரி அமைச்சரவைக் காலத்தில் இயற்றப்பட்ட 1938ஆம் ஆண்டின் சென்னை வேளாளர் கடன் நிவாரணச் சட்டம் கடனாளிகளுக்குச் சார்பான மற்றொரு படியாகும். 1932 அக்டோபர் 1க்கு முன் பெற்ற கடன்களில், அசலின் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கருத இச்சட்டம் வழிசெய்தது.

வகைகள்

சொத்து மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவு ஆறு வகை அடமானங்களை எடுத்துரைக்கிறது.

1. சாதாரண அடமானம்: சொத்து கடனாளியின் அனுபவத்திலேயே இருக்கும். கடனைத் திருப்பிச் செலுத்தக் கடனாளி தனிப்பட்ட முறையிலும் பொறுப்பேற்கிறார். தவறினால் நீதிமன்றத்தின் மூலம் சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கலாம்.

2. நிபந்தனை விற்பனை அடமானம்: சொத்து விற்கப்பட்டது போலவே ஆவணம் எழுதப்படும். குறித்த நாளில் பணம் கட்டாவிட்டால் விற்பனை முழுமை பெறும், அல்லது கட்டிவிட்டால் விற்பனை செல்லாததாகும், அல்லது வாங்கியவர் திருப்பி எழுதிக் கொடுப்பார் என்பது நிபந்தனை. விற்பனைக்கு ஓர் ஆவணமும் திருப்பி எழுதுவதற்கு மற்றோர் ஆவணமுமாக எழுதி ஏமாற்றுவதும், உண்மையான விற்பனையைப் பின்னாளில் அடமானம் என்று வாதிடுவதும் மிகுந்ததால், நிபந்தனை அதே ஆவணத்தில் இருந்தால் மட்டுமே அது அடமானமாகும் என்று 1929ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது.

3. அனுபவ அடமானம் (போக்கியம்): சொத்தின் அனுபவம் அடமானம் பெற்றவரிடம் செல்லும். வாடகை, விளைச்சல் ஆகியவற்றை அவர் வட்டிக்கோ அசலுக்கோ இரண்டுக்குமோ ஈடாக எடுத்துக்கொள்வார். கடனாளிக்குத் தனிப்பட்ட பொறுப்பு இல்லை.

4. ஆங்கிலேய அடமானம்: குறித்த நாளில் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கடனாளி உறுதியளித்து, சொத்தை முழுமையாக மாற்றிக் கொடுப்பார். பணம் கிடைத்ததும் அடமானம் பெற்றவர் சொத்தைத் திரும்ப மாற்றித் தருவார்.

5. உரிமை ஆவண ஒப்படைப்பு அடமானம்: கடனுக்குப் பிணையமாக வைக்கும் எண்ணத்துடன் சொத்தின் மூல ஆவணங்களைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தல். இன்றைய வங்கி வீட்டுக் கடன்களில் பெரும்பாலும் காணப்படுவது இவ்வகையே.

6. கலப்பு அடமானம்: மேற்கண்ட எந்த வகையிலும் முழுமையாக அடங்காதது. சாதாரண அடமானமும் அனுபவ அடமானமும் கலந்து எழுதப்படுவது இதற்கு எடுத்துக்காட்டு.

ஆவணத்தின் தலைப்பில் என்ன பெயர் எழுதப்பட்டுள்ளது என்பது முடிவானதன்று. உள்ளடக்கத்தையும் தரப்பினரின் எண்ணத்தையும் கொண்டே அது எவ்வகை அடமானம் என்று நீதிமன்றம் தீர்மானிக்கும்.

பத்திரமும் பதிவும்

அசல் தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அடமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே ஏற்பட முடியும் என்று 59ஆம் பிரிவு கூறுகிறது. அதில் அடமானம் கொடுப்பவர் கையொப்பமிட்டிருக்க வேண்டும். குறைந்தது இரு சாட்சிகள் சான்றொப்பமிட்டிருக்க வேண்டும்.

உரிமை ஆவண ஒப்படைப்பு அடமானத்துக்கு இவ்விதி பொருந்தாது. கடன், ஆவண ஒப்படைப்பு, அந்த ஆவணங்களே கடனுக்குப் பிணையம் என்ற எண்ணம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஆனால் கல்கத்தா, மதராஸ், பம்பாய் ஆகிய நகரங்களிலோ அரசு அறிவித்துள்ள பிற நகரங்களிலோ ஒப்படைப்பு நடக்க வேண்டும். இக்கட்டுப்பாடு ஒப்படைக்கும் இடத்துக்குத்தானே தவிர, சொத்து இருக்கும் இடத்துக்கு இல்லை. சிற்றூரில் உள்ள நிலத்துக்கான ஆவணங்களைச் சென்னையில் ஒப்படைத்து அடமானம் வைக்கலாம். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற கே. ஜே. நாதன் எதிர் எஸ். வி. மாருதி ராவ் வழக்கு இவ்வகை அடமானத்தின் கூறுகளை விளக்கும் முதன்மைத் தீர்ப்புகளுள் ஒன்று. ஆவணம் ஏற்கெனவே கடன் கொடுத்தவர் வசம் இருந்தால், அதை வாங்கி மீண்டும் கையில் கொடுக்கும் சடங்கு தேவையில்லை என்பது அதில் தெளிவாக்கப்பட்டது.

பதிவு இல்லாத அடமானம் வில்லங்கச் சான்றில் தெரியாது. ஆகவே சொத்தை வாங்குபவர் மூல ஆவணங்களை நேரில் பார்க்காமல் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத் திருத்தம், ஆவண ஒப்படைப்பு தொடர்பான உடன்படிக்கைகளையும் கட்டாயப் பதிவுக்கு உரியவையாக்கி இக்குறையைக் குறைத்தது. இந்திய அளவில், ஒரே சொத்தைக் காட்டிப் பல வங்கிகளில் கடன் பெறும் மோசடியைத் தடுக்க, பிணையங்களைப் பதிவு செய்யும் மையப் பதிவகம் 2011இல் செயல்படத் தொடங்கியது.

மீட்புரிமை

கடன் தவணை முடிந்த பின்னர் எப்போது வேண்டுமானாலும், அடமானத் தொகையைச் செலுத்தி, ஆவணங்களையும் சொத்தின் அனுபவத்தையும் திரும்பப் பெறக் கடனாளிக்கு 60ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. தரப்பினரின் செயலாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ மட்டுமே இவ்வுரிமை அற்றுப்போகும். அடமானம் கொடுத்தவர் மட்டுமன்றி, அவருடைய வாரிசு, அச்சொத்தில் உரிமையுள்ள பிறர், கடனுக்குப் பிணை நின்றவர் ஆகியோரும் மீட்கலாம். ஆனால் அடமானம் பிரிக்க முடியாதது. பல பங்காளிகளில் ஒருவர் தம் பங்குக்குரிய பணத்தை மட்டும் கட்டித் தம் பங்கை மட்டும் மீட்க முடியாது. அடமானம் பெற்றவரே ஒரு பங்கை வாங்கியிருக்கும் நிலை இதற்கு விலக்கு.

கடன் கொடுத்தவர் பணத்தை வாங்க மறுத்தால், 83ஆம் பிரிவின்படி அத்தொகையை நீதிமன்றத்தில் செலுத்தலாம்.

மீட்புக்கு இடும் தடைகள்

ஒருமுறை அடமானம் என்றால் என்றும் அடமானமே என்பது இத்துறையின் அடிப்படை நெறி. மீட்புரிமையை அழிக்கும், அல்லது அதைப் பயனற்றதாக்கும் ஒப்பந்த நிபந்தனை செல்லாது. கடனாளி அதை அறிந்து கையெழுத்திட்டிருந்தாலும் செல்லாது. பணமுடையில் இருப்பவர் கடன் கிடைப்பதற்காக எந்த நிபந்தனைக்கும் இசைவார் என்பதே இதற்கு அடிப்படையான எண்ணம்.

நீண்ட காலக் கெடு மட்டுமே தடையாகிவிடாது. கங்காதர் எதிர் சங்கர் லால் வழக்கில் (1958) 85 ஆண்டுகள் மீட்க முடியாது என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. கடனாளி ஒடுக்கப்பட்டதற்கு அவ்வழக்கில் சான்று இல்லை. ஆனால் அக்கெடுவுக்குப் பின் ஆறு மாதத்துக்குள் மீட்காவிட்டால் சொத்து கடன் கொடுத்தவருக்கே உரியதாகும் என்ற நிபந்தனை செல்லாதது என முடிவாயிற்று. குசராத்திலிருந்து வந்த போமல் கஞ்சி கோவிந்த்சி வழக்கில் (1989) நீண்ட கால அடமானம், சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்க்கையில் கடனாளியின் நெருக்கடியைப் பயன்படுத்தி எழுதப்பட்டது என்று கருதப்பட்டு, மீட்க அனுமதி வழங்கப்பட்டது.

காலவரையறை

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, மீட்பு வழக்கை உரிமை எழுந்ததிலிருந்து 30 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 60 ஆண்டுகளாக இருந்தது. கடன் கொடுத்தவர் அடமானப் பணத்தை வசூலிக்கத் தொடுக்கும் வழக்குக்குப் பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து 12 ஆண்டுகள் மட்டுமே கெடு.

அனுபவ அடமானத்தில் இந்த 30 ஆண்டுகள் எப்போது தொடங்குகின்றன என்பது நெடுங்காலமாகக் கருத்து வேறுபாட்டுக்கு உரியதாக இருந்தது. பாட்டனார் காலத்தில் போக்கியம் விடப்பட்ட நிலத்தைப் பேரன் மீட்க முடியுமா என்பது இதைப் பொறுத்தே அமைந்தது. சிங் ராம் எதிர் சியோ ராம் வழக்கில் (2014) மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அடமானம் எழுதிய நாளிலிருந்து காலம் கணக்கிடப்படாது என்றும், விளைச்சலாலோ கடனாளி செலுத்துவதாலோ அடமானத் தொகை தீரும்போதே காலம் ஓடத் தொடங்கும் என்றும் தீர்ப்பளித்தது. 30 ஆண்டுகள் கழிந்துவிட்டன என்பதாலேயே அனுபவ அடமானம் பெற்றவர் சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிட முடியாது.

அடமானம் பெற்றவரின் உரிமைகளும் கடமைகளும்

கடன் தீராதபோது அடமானம் பெற்றவருக்குக் கிடைக்கும் பரிகாரம் அடமானத்தின் வகைக்கேற்ப மாறுபடும்.

- சாதாரண அடமானம், ஆங்கிலேய அடமானம், ஆவண ஒப்படைப்பு அடமானம்: நீதிமன்றத்தின் மூலம் சொத்தை விற்கக் கோரலாம்.
- நிபந்தனை விற்பனை அடமானம்: மீட்புரிமை நீக்கம் கோரலாம். நீதிமன்றம் ஆணையிட்டால் சொத்து அடமானம் பெற்றவருக்கே உரியதாகும்.
- அனுபவ அடமானம்: இரண்டையும் கோர முடியாது. கடன் தீரும்வரை சொத்தை அனுபவத்தில் வைத்திருப்பதே பரிகாரம்.

சொத்தை அனுபவத்தில் வைத்திருப்பவருக்கு 76ஆம் பிரிவு பல கடமைகளை விதிக்கிறது. தன் சொத்தைப் போலவே அதைப் பொறுப்புடன் பேண வேண்டும். வரி செலுத்த வேண்டும். வருமானத்திலிருந்து இயன்ற அளவு தேவையான பழுதுகளை நீக்க வேண்டும். சொத்துக்கு நிலையான கேடு விளைவிக்கும் செயலைச் செய்யக் கூடாது. வரவு செலவுக் கணக்கு வைத்திருக்க வேண்டும். செலவும் வட்டியும் போக மிஞ்சும் வருமானம் அசலில் கழிக்கப்பட வேண்டும். வருமானம் முழுவதும் வட்டிக்கு ஈடு என்று ஒப்பந்தம் இருந்தால் கணக்கு பற்றிய கடமை பொருந்தாது.

முன்னுரிமை வரிசை

ஒரே சொத்தைப் பலரிடம் அடுத்தடுத்து அடமானம் வைத்தால், பொதுவாகக் காலத்தால் முந்தியவருக்கே முன்னுரிமை (48ஆம் பிரிவு). முந்தியவருடைய ஏமாற்றோ பெரும் கவனக்குறைவோ பிந்தியவரைக் கடன் கொடுக்கத் தூண்டியிருந்தால் அம்முன்னுரிமை போய்விடும் (78ஆம் பிரிவு).

எடுத்துக்காட்டாக, ஒருவர் தம் வீட்டை முதலில் 10 இலட்சம் ரூபாய்க்கும் பின்னர் வேறொருவரிடம் 5 இலட்சம் ரூபாய்க்கும் சாதாரண அடமானம் வைக்கிறார் எனக் கொள்வோம். வீடு 12 இலட்சத்துக்கு விலைபோனால் முதலாமவருக்கு 10 இலட்சம் முழுதும் கிடைக்கும். இரண்டாமவருக்கு 2 இலட்சம் மட்டுமே கிடைக்கும். எஞ்சிய 3 இலட்சத்துக்கு இரண்டாமவரின் நிலை பிணையம் இல்லாத கடனீந்தோரின் நிலையே. இரண்டாமவர் முதல் கடனைத் தீர்த்தால், முதலாமவரின் இடத்தில் நின்று அவ்வுரிமைகளைப் பெறுவார் (92ஆம் பிரிவு).

நீதிமன்ற வழி

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் கட்டளை அடமான வழக்குகளுக்கு உரியது. வழக்கு இரு கட்டங்களாக நடக்கும். முதலில் நிலுவைத் தொகையை நிர்ணயித்து, அதைச் செலுத்த ஆறு மாதத்துக்கு மேற்படாத கெடுவை அளிக்கும் முதனிலைத் தீர்ப்பாணை வழங்கப்படும். பணம் செலுத்தப்படாவிட்டால் இறுதித் தீர்ப்பாணை வழங்கப்பட்டுச் சொத்து ஏலத்துக்கு வரும். தேவை ஏற்பட்டால் நீதிமன்றம் கெடுவை நீட்டிக்கவும் செய்யலாம். இம்முறை கடனாளிக்குப் போதிய வாய்ப்பை அளிக்கிறது. ஆனால் வழக்கு பல ஆண்டுகள் நீள்வதும் இயல்பு.

நீதிமன்றத்தை நாடாமல் சொத்தை விற்கும் அதிகாரம் 69ஆம் பிரிவில் உள்ளதெனினும், அது மிகக் குறுகியது. இந்துக்கள், முகம்மதியர், பௌத்தர் முதலியோர் தரப்பினராக இல்லாத ஆங்கிலேய அடமானம், அரசே அடமானம் பெற்ற நிலை, கல்கத்தா, மதராஸ், பம்பாய் அல்லது அறிவிக்கப்பட்ட நகரங்களுக்குள் சொத்து இருந்து ஆவணத்தில் அதிகாரம் வெளிப்படையாக வழங்கப்பட்ட நிலை ஆகியவற்றில் மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும்.

வங்கிகளின் வாராக்கடன்களை விரைந்து வசூலிக்க 1993ஆம் ஆண்டின் சட்டம் கடன் வசூல் தீர்ப்பாயங்களை ஏற்படுத்தியது. இவற்றை நாடுவதற்கான குறைந்த அளவு 10 இலட்சம் ரூபாயாக இருந்து, 2018இல் 20 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

நீதிமன்றத்துக்கு வெளியே: 2002ஆம் ஆண்டுச் சட்டம்

நிதிச் சொத்துகளைப் பிணையமாக்கல், மறுகட்டமைத்தல் மற்றும் பிணைய நலன் அமலாக்கச் சட்டம், 2002 (சுருக்கமாக சர்ஃபேசி சட்டம்) வங்கிகளும் அறிவிக்கப்பட்ட நிதி நிறுவனங்களும் நீதிமன்றத் தலையீடு இன்றியே பிணையச் சொத்தைக் கைப்பற்றி விற்க வழிசெய்தது. தனியாள் கடன் கொடுத்தவர்களுக்கு இந்த அதிகாரம் இல்லை. நடைமுறை பின்வருமாறு:

- கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்ட பின், 60 நாளில் முழுத் தொகையையும் செலுத்துமாறு அறிவிப்பு அனுப்பப்படும்.
- கடனாளி மறுப்புரை தந்தால் வங்கி 15 நாளுக்குள் காரணம் காட்டிப் பதிலளிக்க வேண்டும்.
- கெடு கடந்தால் வங்கி சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம். இதன் அறிவிப்பு இரு நாளேடுகளில் வெளியிடப்பட வேண்டும். அவற்றுள் ஒன்று வட்டார மொழி ஏடாக இருக்க வேண்டும்.
- எதிர்ப்பு இருந்தால் மாவட்ட ஆட்சியர் நிலையிலான நடுவர் அல்லது தலைமைப் பெருநகர நடுவரின் உதவியைக் கோரலாம்.
- விற்பனைக்கு முன் கடனாளிக்கு 30 நாள் அறிவிப்பு தரப்பட வேண்டும்.

சுவாதீன நடவடிக்கையால் பாதிக்கப்பட்டவர் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை நாடலாம். தொடக்கத்தில், அவ்வாறு நாடுவதற்கே கோரப்பட்ட தொகையில் 75 விழுக்காட்டை முன்கூட்டிச் செலுத்த வேண்டும் என்று விதி இருந்தது. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பிற பகுதிகளை ஏற்று, இவ்விதியை மட்டும் செல்லாததாக்கியது. தீர்ப்பாய ஆணையை எதிர்த்துக் கடனாளி மேல்முறையீடு செய்யும்போது 50 விழுக்காடு செலுத்த வேண்டும். இதனை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 25 விழுக்காடு வரை குறைக்கலாம்.

வேளாண் நிலத்தின் மீதான பிணையம், ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கான பிணையம், நிலுவை அசல் வட்டித் தொகையில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள நிலை ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது. வேளாண் நிலம் எது என்பது வருவாய்ப் பதிவேட்டை மட்டும் கொண்டு முடிவு செய்யப்படுவதன்று. நிலத்தின் தன்மை, உண்மையான பயன்பாடு, அடமானம் வைத்தபோது தரப்பினர் கொண்டிருந்த எண்ணம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற இந்தியன் வங்கி மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது.

மீட்புரிமை முடியும் தருணம்

பணத்தைத் திரட்டிவிட்ட கடனாளி எந்த நாள்வரை சொத்தைக் காப்பாற்ற முடியும் என்பது, எவ்வழியில் சொத்து விற்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

- நீதிமன்ற விற்பனை: ஏலம் முடிந்த பின்னரும், விற்பனை உறுதி செய்யப்படும்வரை பணம் செலுத்தி மீட்கலாம். ஏலம் எடுத்தவருக்கு ஏலத் தொகையில் 5 விழுக்காட்டை இழப்பீடாகச் சேர்த்துச் செலுத்த வேண்டும்.
- 69ஆம் பிரிவின்படியான விற்பனை: ஏலம் நடந்ததாலேயே மீட்புரிமை போகாது, விற்பனைப் பத்திரம் பதிவு செய்யப்படும்வரை உண்டு என்று நரன்தாஸ் கர்சன்தாஸ் வழக்கில் (1977) தீர்ப்பளிக்கப்பட்டது.
- சர்ஃபேசி சட்டப்படியான விற்பனை: சொத்து கைமாறும்வரை மீட்கலாம் என்ற கருத்தே முன்பு நிலவியது. 2016 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 13(8) பிரிவை மாற்றியது. ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன் நிலுவை முழுவதையும் செலுத்த வேண்டும் என்று அது கூறுகிறது. செலிர் எதிர் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் (2023) உச்ச நீதிமன்றம், ஏல அறிவிப்பு வெளியானதும் மீட்புரிமை முடிந்துவிடுகிறது என்று தீர்ப்பளித்தது.

1882ஆம் ஆண்டுச் சட்டம் கடனாளியின் பக்கம் நகர்த்திய கோட்டை இத்திருத்தம், வங்கிக் கடன்களைப் பொறுத்தவரை, கடனீந்தோர் பக்கம் மீண்டும் நகர்த்தியுள்ளது. ஏலத்தில் வாங்குபவருக்கு உறுதியான உரிமை கிடைத்தால்தான் நல்ல விலை கிடைக்கும் என்பது இதற்கு ஆதரவான வாதம். ஏல அறிவிப்பைப் பார்த்த பின்னரே உறவினரிடமும் நண்பரிடமும் பணம் திரட்ட ஓடும் கடனாளிக்கு அப்போது காலம் கடந்துவிடுகிறது என்பது எதிர்வாதம். ஆகவே வங்கிக் கடனாளியைப் பொறுத்தவரை 60 நாள் அறிவிப்பே இன்று முதன்மையான எச்சரிக்கையாகும்.

கடன் முழுவதும் தீர்ந்த பின் ஆவணங்களைத் திருப்பித் தருவதில் ஏற்படும் தாமதம் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் அறிவுறுத்தல் வெளியிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் 30 நாளுக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்றும், தம் காரணத்தால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் அது பணித்தது.

பிணையம் இல்லாத கடனீந்தோர்

கைமாற்றாகவோ கடனுறுதிச் சீட்டின் பேரிலோ கடன் கொடுத்தவருக்குக் குறிப்பிட்ட சொத்தின் மீது உரிமை இல்லை. அவர் வழக்குத் தொடுத்துப் பணத் தீர்ப்பாணை பெற்று, கடனாளியின் சொத்தைப் பற்றுகை செய்து ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதும் அச்சொத்தின் மீதுள்ள முந்தைய அடமானம் அவருக்கு முன் நிற்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, வேளாண் தொழில் செய்வோர் குடியிருக்கும் வீடு முதலியவற்றுக்குப் பற்றுகையிலிருந்து விலக்களிக்கிறது.

கடனீந்தோரை ஏமாற்றும் நோக்குடன் கடனாளி தம் சொத்தை மனைவி மக்கள் பெயரிலோ பிறர் பெயரிலோ மாற்றினால், சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி அம்மாற்றத்தைக் கடனீந்தோர் நீக்கக் கோரலாம். நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கியவரை இப்பிரிவு பாதுகாக்கிறது.

வாடகைதாரரும் ஒத்திக்காரரும்

தமிழ்நாட்டு நகரங்களில் மாத வாடகைக்குப் பதிலாகப் பெருந்தொகை ஒன்றை வீட்டு உரிமையாளரிடம் கொடுத்து, வெளியேறும்போது வட்டியின்றித் திரும்பப் பெறும் ஒத்தி முறை உள்ளது. பதிவு செய்யப்பட்ட போக்கியப் பத்திரம் இல்லாமல் வெறும் உடன்படிக்கையின் பேரில் இது நடக்கையில், பணம் கொடுத்தவருக்கு அடமான உரிமை கிடைப்பதில்லை.

வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் நிலை மேலும் மோசமாகும். அடமானத்துக்குப் பின் சொத்தைக் குத்தகைக்கு விடும் அதிகாரத்தை 65ஏ பிரிவு வரையறுக்கிறது. அதன்படி முன்பணமோ முன்கூட்டிய வாடகையோ பெறக் கூடாது. கட்டடக் குத்தகை மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. வேறு விதமான ஒப்பந்தம் இல்லாதபோது பொருந்தும் இவ்விதிகளை மீறிய ஏற்பாடு வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கி வீட்டைக் கைப்பற்றினால் ஒத்திக்காரர் வீட்டையும் இழந்து, பணத்துக்காகக் கடனில் மூழ்கிய உரிமையாளர் மீதே வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கும். பெருந்தொகை கொடுக்கும் முன் வில்லங்கச் சான்றைப் பெறுவதும், மூல ஆவணங்களைக் கேட்டுப் பார்ப்பதும், ஏற்பாட்டைப் பதிவு செய்வதும் இதனால் இன்றியமையாதவை ஆகின்றன. அடமானத்துக்கு முன்பே முறையாகக் குடியிருந்துவரும் வாடகைதாரரின் உரிமைகள் இவ்வாறு அற்றுப்போவதில்லை.

சட்டக் கல்வியில்

இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளின்படி சொத்துரிமைச் சட்டம் சட்டப் பட்டப்படிப்பில் கட்டாயப் பாடமாகும். அடமானம் அதன் ஒரு பகுதியாகக் கற்பிக்கப்படுகிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்குத் தொலைநிலைக் கல்வியில் பெற்ற சட்டப் பட்டம் ஏற்கப்படுவதில்லை. எனினும் வங்கி ஊழியர், கணக்காளர், வணிகர் ஆகியோருக்கும் இத்துறையின் அடிப்படைகள் தேவைப்படுவதால், சொத்துரிமை, கடனீந்தோர் உரிமை பற்றிய பாடங்கள் வணிகப் படிப்புகளிலும் இணையவழிப் பாடங்களிலும் இடம்பெறுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- அடகு
- சொத்து மாற்றச் சட்டம், 1882
- வில்லங்கச் சான்று
- கடன் வசூல் தீர்ப்பாயம்
- தேசவழமைச் சட்டம்